ரேமைக் கூட்டினேன், சி டிரைவில் இடம் குறைந்தது: ஹைபர்ஃபில்.சிஸ் ஃபைலை என்ன செய்வது?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப். 8 ஜிபி ரேமை 16 ஆக ஏற்றியிருக்கிறார். புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை, ஆனால் மறுநாள் பார்த்தால் சி டிரைவில் சில ஜிபி குறைந்திருக்கிறது. தேடியதில் ஹைபர்ஃபில்.சிஸ் என்று 6 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் கண்ணில் பட்டிருக்கிறது. டெலிட் கொடுத்தால் போகவில்லை. தெரிந்தவர் ஒருவர், 'ஒரே ஒரு கமாண்ட், பறந்துவிடும்' என்கிறாராம். போடலாமா? வீட்டில் 32 ஜிபி ரேமோடு ஒரு டெஸ்க்டாப்பும் இருக்கிறது, அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறார்.

ஒரு வரியில் பதில்: டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் போடலாம், லேப்டாப்பில் வேண்டாம். காரணம் தெரியாமல் போட்டால் பேட்டரி தீரும் ஒரு நாளில் கையைச் சுடும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஹைபர்நேட் கொடுத்தால், திறந்திருக்கும் எக்ஸெல் ஷீட், பாதி அடித்த மெயில், பிரவுசரில் வரிசையாக நிற்கும் டேப்கள் என்று ரேமில் அப்போது இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷின் முழுவதுமாக அணைந்துவிடும். ஸ்லீப் அப்படியில்லை. ரேமில் இருப்பது அழியாமலிருக்க சிறிது கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஹைபர்நேட்டுக்குச் சொட்டுக் கரண்ட்கூட வேண்டாம். பேட்டரியைக் கழற்றி வைத்து ஒரு மாதம் கழித்து மாட்டினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்படி எழுதி வைப்பதற்கான இடம்தான் ஹைபர்ஃபில்.சிஸ். சி டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் நேராக, மறைத்து வைக்கப்பட்ட சிஸ்டம் ஃபைலாக இருக்கும்.

இந்த இடத்தை விண்டோஸ் முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஹைபர்நேட் ஆகப்போகும் நேரத்தில் டிஸ்க்கில் இடமில்லை என்று நின்றுவிடக் கூடாது அல்லவா. அதனால் நீங்கள் ஒருமுறைகூட ஹைபர்நேட் செய்யாதவராக இருந்தாலும் ஃபைல் முழு அளவில் இருக்கும். டெம்ப் ஃபோல்டர் மாதிரி நாளாக நாளாகக் குப்பை சேர்ந்து பெருத்த ஃபைல் அல்ல இது. இன்று 6 ஜிபி என்றால் அடுத்த வருடமும் 6 ஜிபிதான்.

அளவு எங்கிருந்து வருகிறது? எக்ஸ்பி காலத்தில் ரேம் எவ்வளவோ ஃபைலும் அவ்வளவு. விண்டோஸ் 7ல் ரேமில் 75 சதவீதம் ஆனது. விண்டோஸ் 10, 11ல் 40 சதவீதம். எழுதும்போது சுருக்கி எழுதுகிறது. தவிர, ரேமில் இருப்பதில் ஒரு நல்ல பங்கு டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களின் நகல், அதை மறுபடி எழுதத் தேவையில்லை. அதனால் 40 சதவீதம் பெரும்பாலும் போதும். இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 8 ஜிபியில் 40 சதவீதம் 3.2. பதினாறில் 6.4. ரேம் ஏறியதும் ஃபைல் தானாக இரட்டிப்பானது. காணாமல் போன இடத்தில் 3.2 ஜிபி இங்கே. மிச்சம் இருந்தால் பக்கத்திலேயே இருக்கும், ரேம் போதாதபோது விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் பேஜ்ஃபைல்.சிஸ் மீது சந்தேகப்படுங்கள். அதன் அளவை விண்டோஸ் தானே முடிவு செய்யும்படி விட்டிருந்தால் அதுவும் ரேமைப் பார்த்து மாறும். ஆனால் அந்த ஃபைல் வேறு விவகாரம். அதில் கை வைக்க வேண்டாம்.

எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபைல்களைத் தோண்டத் தேவையில்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் 'ஷோ மோர் கேட்டகரீஸ்' தட்டி, 'சிஸ்டம் அண்ட் ரிசர்வ்ட்' திறந்தால் ஹைபர்நேஷன் ஃபைல் தனி வரியாக, ஜிபி கணக்கோடு நிற்கும். சி டிரைவில் எல்லா ஃபோல்டரையும் செலக்ட் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் வரும் கூட்டுத்தொகை, டிரைவ் காட்டும் 'யூஸ்டு' அளவைவிடக் குறைவாக இருக்கிறதே, வைரஸா என்று கேட்பவர்கள் உண்டு. வைரஸ் இல்லை. கண்ணுக்குக் காட்டாமல் வைத்திருக்கும் இந்த மாதிரி ஃபைல்கள்தான் அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு.

டெலிட் கொடுத்தால் போகாததற்குக் காரணம் விண்டோஸ் அதைத் தன் பிடியில் வைத்திருப்பது. 'டேக் ஓனர்ஷிப்' செய்து அழிப்பது, வேறு பென் டிரைவில் பூட் செய்து அழிப்பது என்றெல்லாம் வீடியோக்கள் சொல்லும். அவ்வளவு மெனக்கெட்டு அழித்தாலும் ஹைபர்நேஷன் ஆனில் இருக்கும் வரை விண்டோஸ் அதை மறுபடி உண்டாக்கிவிடும். டி டிரைவுக்கு மாற்றலாமா என்றால், முடியாது. மெஷின் கண் விழிக்கும்போது முழு விண்டோஸும் ஏறுவதற்கு முன்பே இந்த ஃபைலைப் படித்தாக வேண்டும். அதனால் விண்டோஸ் பூட் ஆகும் பார்ட்டிஷனிலேயே அது இருக்க வேண்டும்.

சரி, 'நான் ஹைபர்நேட்டே செய்வதில்லையே, எனக்கு எதற்கு' என்கிறீர்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று சேர்ந்தது. நீங்கள் ஷட் டவுன் கொடுக்கிறீர்கள். புரோகிராம்கள் மூடப்படுகின்றன, உங்கள் லாகின் முடிகிறது, அதுவரை பழைய ஷட் டவுன் மாதிரிதான். ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், வன்பொருளை இயக்கும் டிரைவர்களும் மூடப்படுவதில்லை. அவை அப்படியே ஹைபர்ஃபில்.சிஸ் ஃபைலில் எழுதப்படுகின்றன. மறுநாள் பவர் பட்டனை அழுத்தும்போது அங்கிருந்து ஏற்றிக்கொள்கிறது. அதாவது தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்பவரும் இந்த ஃபைலைத் தினமும் பயன்படுத்துகிறார், தெரியாமலேயே.

நம்பிக்கை வரவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தட்டுங்கள். கீழே 'அப் டைம்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நேற்று இரவு ஷட் டவுன் செய்த மெஷினில் அது பன்னிரண்டு நாள், இருபது நாள் என்று காட்டும். கெர்னல் அத்தனை நாளாகப் புதிதாகத் தொடங்கவே இல்லை என்று பொருள். சாதாரண ஷட் டவுனில் அல்ல, ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அது சைபரிலிருந்து ஆரம்பிக்கும். சர்வீஸ் சென்டரில் 'ஷட் டவுன் பண்ணிப் பாத்துட்டேன் சார், சரியாகல' என்பவரிடம் 'ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்று சொல்வது கிண்டலுக்கு அல்ல. இரண்டும் விண்டோஸ் 8லிருந்து வேறு வேறு வேலைகள். முழு ஷட் டவுன் வேண்டும் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுக்க வேண்டும். ரேம் மாற்ற, எஸ்எஸ்டி மாற்ற மெஷினைத் திறப்பதற்கு முன் இப்படித்தான் அணைக்க வேண்டும்.

விண்டோஸோடு லினக்ஸும் போட்டிருப்பவர்களுக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஒரு தலைவலி. விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸில் திறந்தால் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும்; அல்லது மவுன்ட்டே ஆகாது, அதாவது திறக்கவே திறக்காது. காரணம், விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கைத் தன் நினைவில் எழுதி வைத்துக்கொண்டு போயிருக்கிறது. நீங்கள் நடுவில் ஒரு ஃபைலை மாற்றிவிட்டு வந்தால் விண்டோஸ் எழுந்ததும் பழைய கணக்கை வைத்து எழுதும், டேட்டா நாறிவிடும். லினக்ஸ் மறுப்பது உங்கள் நன்மைக்கு. அதை மீறி ஹைபர்நேஷன் ஃபைலை நீக்கிவிட்டு மவுன்ட் செய்யும் ஆப்ஷன் ஒன்று, விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறக்க லினக்ஸில் பயன்படும் என்டிஎஃப்எஸ்-3ஜி மென்பொருளில் உண்டு. விண்டோஸில் சேவ் செய்யாத வேலை இருந்தால் அதோடு போச்சு. டூயல் பூட் மெஷினில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து வைப்பதே சரி, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி கமாண்டுக்கு வருவோம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டெர்மினல் (அட்மின்)' அல்லது பழைய மெஷின் என்றால் 'கமாண்ட் ப்ராம்ப்ட் (அட்மின்)' அல்லது 'விண்டோஸ் பவர்ஷெல் (அட்மின்)' திறங்கள். அட்மின் இல்லாமல் திறந்தால் அனுமதி இல்லை என்று திட்டும். தட்ட வேண்டியது எல்லாம் ஆங்கில எழுத்தில்: முதலில் பவர் என்ற சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷோடு ஒட்டி ஹெச், ஒரு ஸ்பேஸ், ஆஃப். வாயால் சொன்னால் 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்'. என்டர் தட்டினால் பதில் எதுவும் வராது, கர்சர் அடுத்த வரிக்குப் போகும். அவ்வளவுதான், ஃபைல் போய்விட்டது, ரீஸ்டார்ட்கூட வேண்டாம். சி டிரைவைப் பார்த்தால் இடம் கூடியிருக்கும்.

கூடவே போனவை என்ன? ஹைபர்நேட் போனது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போனது. கன்ட்ரோல் பேனலில் அதற்கான டிக் கட்டமே மறைந்துவிடும். தூங்கும்போதே டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதி வைக்கும் ஹைப்ரிட் ஸ்லீப்பும் போனது. இதைத்தான் அந்த 'ஒரே ஒரு கமாண்ட்' ஆட்கள் சொல்வதில்லை.

முழுவதும் அணைக்காமல் நடுவழி ஒன்று உண்டு. ஃபைலை 'ரெட்யூஸ்டு' வகைக்கு மாற்றினால் ரேமில் 20 சதவீதம் மட்டும் பிடிக்கும்: 8 ஜிபிக்கு 1.6, 16க்கு 3.2. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை செய்யும், ஏனென்றால் கெர்னலை மட்டும் எழுத அவ்வளவு போதும். ஆனால் ஹைபர்நேட் கிடையாது. செய்வதற்கு முதலில் 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் /சைஸ் 0', பிறகு 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் /டைப் ரெட்யூஸ்டு'. சைஸை முதலில் சைபராக்காமல் இரண்டாவதை மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் அதிகம். ஏற்கெனவே யாராவது தனி அளவு வைத்திருந்தால் விண்டோஸ் வகையை மாற்ற விடாது. பழையபடி வேண்டுமென்றால் டைப்பில் 'ஃபுல்'.

எதிர்ப்பக்கமும் ஒன்று: ஃபைல் சிறியதாக இருப்பதால் ஹைபர்நேட் தோற்றுப்போவது. கனமான வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் என்று ரேமை முழுக்க நிரப்பி வேலை செய்பவர்களுக்கு 40 சதவீதத்தில் எல்லாம் அடங்காமல் போகலாம். அவர்கள் சைஸ் என்ற இடத்தில் 100 கொடுத்தால் ரேம் அளவுக்கே ஒதுக்கிவிடும். விண்டோஸ் 7ல் 50க்குக் கீழே இறக்க முடியாது.

உங்கள் லேப்டாப்புக்கு ஏன் வேண்டாம் என்றேன்? பேட்டரி கடைசிச் சொட்டுக்கு வரும்போது, விண்டோஸ் வழக்கமாக லேப்டாப்பை ஹைபர்நேட் செய்துதான் காப்பாற்றுகிறது. 'கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன்' என்ற செட்டிங் அது. பயணத்தில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு மறந்துவிட்டீர்கள், ஸ்லீப்பிலேயே சார்ஜ் கரைந்தது. ஹைபர்நேட் இருந்தால் எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். இல்லையென்றால் சேவ் செய்யாத ஆவணம் போனது போனதுதான். 6.4 ஜிபிக்காக இந்தக் காவலை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, இப்போது வரும் பல லேப்டாப்களில் பழைய ஸ்லீப்பே கிடையாது. 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்று ஃபோன் மாதிரி திரை அணைந்தாலும் உள்ளே ஏதாவது வேலை நடந்துகொண்டே இருக்கும். மூடிப் பையில் வைத்த லேப்டாப்பை இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் இட்லிப் பானை மாதிரிக் கொதிப்பதும், பேட்டரி பாதியாக இறங்கியிருப்பதும் இதனால்தான். உங்களுடையது அந்த ரகமா என்று அறிய 'பவர்சிஎஃப்ஜி /ஏ' தட்டுங்கள். எந்தெந்தத் தூக்க நிலைகள் இருக்கின்றன, எவை இல்லை, ஏன் இல்லை என்று பட்டியல் வரும். மேலே 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று இருந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை. அப்படிப்பட்ட மெஷினில் ஹைபர்நேட்டை அணைப்பதற்குப் பதில், மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி வைப்பேன் நான். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' போய், 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்' தட்டினால் கீழே ஹைபர்நேட் கட்டம் திறக்கும். டிக் செய்தால் ஸ்டார்ட் மெனுவிலும் ஹைபர்நேட் தோன்றும். மூடிக்கான செட்டிங்கும் அதே பக்கத்தில் இருக்கிறது.

டெஸ்க்டாப் கதை வேறு. 32 ஜிபிக்கு 40 சதவீதம் என்றால் 12.8 ஜிபி, 64 போட்டிருந்தால் 25.6. பேட்டரி இல்லை, பையில் வைப்பதில்லை. எஸ்எஸ்டி இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மிச்சப்படுத்துவது சில நொடிகள். ஆஃப் செய்யலாம். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மெஷினை ஸ்லீப்பில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் பழக்கம் உண்டா, யுபிஎஸ் இருக்கிறதா? டெஸ்க்டாப்பில் ஸ்லீப் என்பது வழக்கமாக ஹைப்ரிட் ஸ்லீப். ரேமில் இருப்பதை டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதிவிட்டுத்தான் தூங்கப்போகும். நடுவில் கரண்ட் போனாலும் அந்தப் பிரதியிலிருந்து எழுந்துவிடும். ஹைபர்நேஷனை அணைத்தால் இந்தப் பிரதி இல்லை. யுபிஎஸ் இல்லாத, ஸ்லீப் பழக்கம் உள்ள வீடு என்றால் அந்த 12.8 ஜிபியை விட்டுவிடுங்கள். சேவ் செய்து ஷட் டவுன் செய்கிற ஆள் என்றால் ஆஃப் போட்டுவிடலாம்.

4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள பழைய மெஷினில் ஃபைல் 1.6 ஜிபிதான், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லாமல் பூட் ஆக நன்றாக நேரம் பிடிக்கும். தொடவே தொடாதீர்கள். எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்ற மலிவு சேமிப்பு, அதுவும் 32 ஜிபி மட்டும் உள்ள லேப்டாப்தான் உண்மையில் இக்கட்டானது. அங்கே ஒவ்வொரு ஜிபியும் கணக்கு. ரெட்யூஸ்டு போட்டுவிட்டு, அடிக்கடி சேவ் செய்யும் பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

'தினமும் இவ்வளவு எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா' என்றும் கேட்பார்கள். பல 500 ஜிபி எஸ்எஸ்டிகளுக்கு 300 டிபி (டெராபைட், ஒரு டிபி சுமார் ஆயிரம் ஜிபி) எழுதும் வரை வாரன்டி தருகிறார்கள். நாளுக்கு 4 ஜிபி ஹைபர்நேட்டுக்காக எழுதினால் வருடத்துக்கு ஒன்றரை டிபிகூட இல்லை. அந்தக் கணக்கில் எஸ்எஸ்டி இருநூறு வருடம் தாங்கும். அதற்கு முன் சார்ஜர் போர்ட் போய்விடும்.

ரகசியம் காக்க வேண்டிய வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ரேமில் இருப்பதெல்லாம் இந்த ஃபைலுக்குள் போகிறது என்றால் திறந்திருந்த ஆவணங்களும் பாஸ்வேர்டுகளும் அதில் அடங்கும். டிரைவை முழுக்க என்க்ரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கரை சி டிரைவில் போட்டிருந்தால் இந்த ஃபைலும் சேர்ந்தே என்க்ரிப்ட் ஆகிறது, கவலையில்லை. பிட்லாக்கர் இல்லாத லேப்டாப் தொலைந்தால் எடுத்தவருக்கு ஹைபர்ஃபில்.சிஸ் ஒரு புதையல்; தடயவியல்காரர்கள் முதலில் தேடும் ஃபைல்களில் இதுவும் ஒன்று.

இப்போது உங்கள் 128 ஜிபிக்குத் திரும்புவோம். விண்டோஸ் அதை 119 ஜிபி என்றுதான் காட்டும், அது கணக்கு முறை வித்தியாசம், ஏமாற்று அல்ல. அதில் விண்டோஸின் அப்டேட்டுக்கென்று ஒதுக்கிய 'ரிசர்வ்ட் ஸ்டோரேஜ்' சுமார் 7 ஜிபி. சமீபத்தில் பெரிய அப்டேட் வந்திருந்தால் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டர் இதையெல்லாம் விடப் பெரியதாக இருக்கும். பத்து நாளில் தானாகப் போகும், அவசரமென்றால் ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' வழியாக இன்றே நீக்கலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் 6.4 ஜிபி அங்கேயே கிடைத்துவிடும், எந்தக் கமாண்டும் இல்லாமல். இதையெல்லாம் செய்தும் மாதாமாதம் இடம் முட்டுகிறது என்றால் ஃபைல்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ரேமுக்குச் செலவு செய்த ஆள் நீங்கள், அடுத்து 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடுங்கள்.

டெஸ்க்டாப்பில் ஆஃப் செய்துவிட்டுப் பிறகு மனம் மாறினால் அதே கமாண்டில் ஆஃப் இருந்த இடத்தில் 'ஆன்' கொடுங்கள், ஃபைல் உடனே மறுபடி உருவாகும். அந்த நேரத்தில் சி டிரைவில் அந்த அளவு காலி இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் எரர் வரும். விண்டோஸின் பெரிய வருடாந்திர அப்டேட் முடிந்த பிறகு ஒருமுறை 'பவர்சிஎஃப்ஜி /ஏ' தட்டி, நீங்கள் வைத்தபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.